சுருட்டை முடியை ஈரத்தில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மகளிர் இணைப்பில் ‘அடங்காத சுருட்டை முடிக்கு எளிய தீர்வுகள்’ என்று ஒரு பக்கம் வந்திருந்தது. தினமும் இரவில் நூறு முறை சீவுங்கள், வாரம் இரண்டு நாள் முட்டை தடவுங்கள், அப்படியும் அடங்காவிட்டால் பார்லரில் நேராக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். மூன்றும் நேராக விழுகிற கோரைமுடிக்குப் பழகிய கை சொல்கிற யோசனை. காய்ந்த சுருட்டை முடியை நூறு முறை சீவினால் மறுநாள் காலையில் தலை பஞ்சு மூட்டையாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு பின்பற்றப் போகிறவர்களுக்காகச் சில விஷயங்களை எழுதுகிறேன். கடிதம் நீளமென்றால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம், அளவுகளை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

பழந்தமிழில் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்று ஐந்து விதமாகப் புனைவதால் வந்த பெயர். அந்த ஐந்தில் சுருளும் ஒன்று. இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலிலும் கல்யாண வீட்டிலும் அதற்கு மிஞ்சியிருக்கும் சொல் ‘பரட்டை’. சுருட்டை முடி சோறு போடும் என்று ஊர்ப்பக்கம் ஆறுதல் சொல்வார்கள். சோறு போடுகிறதோ இல்லையோ, முதலில் அதற்கு நாம் தண்ணீர் காட்ட வேண்டும்.

முடி சுருள்வதற்குக் காரணம் தோலுக்கு அடியில் இருக்கிற வேர்ப்பை. அது நேராக இருந்தால் முடி நேராக வரும், வளைந்திருந்தால் சுருண்டு வரும். கோரைமுடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாகத் தெரியும், சுருட்டை முடி தட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். மண்டையில் சுரக்கும் எண்ணெய் கோரைமுடியில் நுனிவரை வழிந்து இறங்கிவிடுகிறது. சுருட்டையில் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். அதனால்தான் ஒரே தலையில் வேர் பிசுக்காகவும் நுனி வைக்கோலாகவும் இருக்கிறது. வேருக்கு ஷாம்பு, நுனிக்குக் கண்டிஷனர் என்று இரண்டையும் தனித்தனியாக நடத்துவது இதனால்தான்.

இன்னொன்று, முடியின் வடிவம் தண்ணீரில் கலைந்து, காயும்போது உறைகிறது. முடிக்குள் இருக்கும் புரத இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். நனைந்ததும் அவை விட்டுவிடும், காய்ந்ததும் அந்த நேரத்தில் முடி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்ளும். கஞ்சி போட்ட வேட்டி கொடியில் எந்த மடிப்போடு காய்கிறதோ அதே மடிப்போடு விறைப்பதைப் போலத்தான். குளித்துவிட்டு வந்து துண்டை முறுக்கிக் கட்டி, அரைமணி கழித்து அவிழ்த்து, பாதி ஈரத்தில் சீப்பை விட்டால் ஒவ்வொரு சுருளும் பத்துப் பதினைந்து தனி இழைகளாகப் பிரிந்து, பிரிந்த கோலத்திலேயே காய்ந்துவிடும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே முடிக்குள் புகுந்து இந்தப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். தூத்துக்குடியிலும் சென்னையிலும் காலையில் அடங்கியிருந்த முடி மதியம் பம்மென்று எழும்புவது இப்படித்தான். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். ஆகவே ஈரக்காற்று அடிக்கும் ஊரில், கிளிசரின் லேபிளின் முதல் வரிசையில் இருக்கிற ஜெல்லைப் பூசினால் உப்பல் இன்னும் கூடும்.

குளியலை வரிசையாகச் சொல்கிறேன். அளவுகள் தோள்வரை, நடுத்தர அடர்த்தியுள்ள முடிக்கு. இடுப்புவரை என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்தில் மட்டும் தடவ வேண்டும். 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. அவற்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் புகுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். வாசனை எண்ணெய் வாங்குகிறவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதல் பெயராக மினரல் ஆயில் என்றோ லிக்விட் பாரஃபின் என்றோ இருந்தால் அது பளபளப்பைத் தரும், உள்ளே போகாது. விளக்கெண்ணெயைத் தாராளமாகக் கலக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயோடு அதைச் சேர்த்துத் தடவிக் குளித்ததும் நீளமுடி மொத்தமும் கல்போல் பின்னிக்கொண்டு, கடைசியில் வெட்டியெடுக்க நேர்ந்த சம்பவம் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. பொடுகு உள்ளவர்கள் மண்டைத்தோலில் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெயின் கொழுப்புதான் தீனி.

அடுத்தது ஷாம்பு. ஒரு தேக்கரண்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் மண்டைத்தோலில் மட்டும் தேய்க்க வேண்டும். நகம் படக் கூடாது. அலசும்போது வழிந்து இறங்கும் நுரை நீளத்துக்குப் போதும். முடியைத் தலைக்குமேல் குவித்துத் துணி துவைப்பதுபோலக் கசக்குவதுதான் பாதிச் சிக்குக்குக் காரணம். வாரத்துக்கு ஒரு முறை போதும், வியர்வை அதிகமென்றால் இரண்டு. தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்கள் மற்ற நாட்களில் வெறும் தண்ணீரால் மண்டைத்தோலை அலசிக் கண்டிஷனர் போட்டால் போதும். குளியல் சோப்பை மட்டும் தலைக்குப் போடாதீர்கள். அது காரத்தன்மை உள்ளது. முடியின் மேல்செதில்கள் விரிந்துவிடும், உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் வெள்ளைப் படலம் வேறு படியும்.

சீயக்காய் கெட்டதல்ல, தூளாக அப்படியே தேய்ப்பதுதான் கெடுதல். சுருள்களுக்கிடையே தூள் மாட்டிக்கொண்டு அலச அலச முடியோடு முடியை உரசும். இரண்டு மேசைக்கரண்டித் தூளை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அரப்பு இன்னும் மென்மை. அதையும் வடிகட்டியே ஆக வேண்டும். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருகிற வழுவழுப்பு சிக்கெடுக்க நல்ல துணை, ஆனால் எண்ணெய் இறக்க அது மட்டும் போதாது.

இப்போது கண்டிஷனர். இங்கேதான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஷாம்புக்கு ஒரு தேக்கரண்டி என்றால் இதற்கு மூன்று அல்லது நான்கு வேண்டும். காதுக்குக் கீழே உள்ள நீளம் முழுதும் தடவி, கையில் எடுத்தால் பாசிபோல வழுக்க வேண்டும். வழுக்கவில்லை என்றால் இன்னொரு கை தண்ணீரைத் தெளியுங்கள், குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். அந்த நிலையில்தான் சீப்பு. பல்லுக்குப் பல் அரை சென்டிமீட்டராவது இடைவெளி உள்ள சீப்பை எடுத்து, நுனியிலிருந்து இரண்டு அங்குலம், பிறகு நான்கு அங்குலம் என்று கீழிருந்து மேலே ஏற வேண்டும். சிக்கு மாட்டினால் அதற்கு மேலே ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு கீழே வாருங்கள். அப்போது இழுப்பு வேருக்குப் போகாது. நனைந்த முடி சீக்கிரம் நீளும், சீக்கிரம் அறுந்தும் போகும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் கண்டிஷனர் வழுக்கலோடு வாருவது. வழுக்கல் இல்லாமல் ஈரமுடியை வாருவது காய்ந்த முடியை வாருவதைவிட மோசம்.

சீப்பில் கொத்தாக முடி வந்தால் பதற வேண்டாம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கோரைமுடியில் அது அன்றன்றே தரையில் விழும். சுருட்டையில் உதிர்ந்தது சுருளிலேயே தங்கி, குளிக்கிற நாளில் ஒரு வாரக் கணக்கு மொத்தமாக வரும்.

கண்டிஷனரை அலசிய பிறகு நின்று தலையைத் துவட்டாதீர்கள். குனிந்து முடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒரு கை தண்ணீர் தேக்கி, நுனியிலிருந்து மண்டைவரை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி சளக் சளக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை. இப்படி இருபது முறை அமுக்கினால் இழைகள் ஒன்றுசேர்ந்து திரிதிரியாக நிற்பது கண்ணுக்கே தெரியும். அந்தத் திரிகளைக் கலைக்காமல் காயவைப்பதுதான் மொத்த வித்தையும். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே ஜெல் பூசிவிட வேண்டும். பாதி காய்ந்த பின் பூசினால் கலைந்த இழைகளைத்தான் ஒட்டவைக்கும்.

ஜெல்லுக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மூன்று மேசைக்கரண்டி ஆளிவிதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் கரண்டியிலிருந்து முட்டை வெள்ளைக்கருபோல நூலாக இறங்கும். உடனே அடுப்பை அணைத்து, சூட்டோடு சூடாக மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் விதையோடு உறைந்துபோய் எந்தத் துணியிலும் இறங்காது. பெரும்பாலானோர் முதல் தடவை கோட்டைவிடுவது இங்கேதான். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும், புளித்த வாசம் வந்தால் கொட்டிவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி ஜெல்லைக் கையில் பரப்பித் திரிகளின் மேல் தடவி, மறுபடியும் அமுக்கிவிடுங்கள். காய்ந்ததும் முடி அப்பளம்போல விறைக்கும். பயந்து கழுவிவிடாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முடியைப் பிசைந்தால் விறைப்பு உடைந்து சுருள் மட்டும் நிற்கும். முழுக்கக் காய்வதற்குள் பிசைந்தால் அத்தனை வேலையும் வீண். வெள்ளைத் துகள்கள் உதிர்ந்தால் ஜெல்லும் அதற்கு முன் பூசிய க்ரீமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டையும் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் கலந்து பாருங்கள், திரிந்த பால்போல் ஆனால் தலையிலும் அப்படித்தான் ஆகும்.

துவட்டுவதற்குப் பழைய பருத்தி வேட்டியோ பனியனோ போதும். பூத்துவாலையின் நூல் வளையங்கள் திரிகளைக் கொத்திக் கலைத்துவிடும். மின்விசிறியின் அடியில் உட்காரலாம், காற்று நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பிராணிப் புகை காட்டுவது வாசனைக்குச் சரி, காயவைக்க அல்ல. கைக்குழந்தை இருக்கும் அறையில் அதுவும் வேண்டாம்.

முட்டையைப் பற்றி. முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. மேலே பூச்சாக நிற்கும், வெந்நீர் ஊற்றினால் தலையிலேயே வெந்து நூல்நூலாக ஒட்டிக்கொள்ளும், நாற்றம் தனி. அதைச் சாப்பிடுவது உத்தமம். வடித்த கஞ்சி ஓரளவு வேலை செய்யும். ஒரு டம்ளர் கஞ்சியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, கால்மணி நேரம் வைத்து அலசலாம், அதுவும் மாதம் இரு முறைக்கு மேல் வேண்டாம். அடிக்கடி செய்தால் மாவுப்படலம் ஏறி முடி விறைத்து ஒடியும்.

நாம் எதைப் பூசினாலும் தண்ணீர் கெட்டதென்றால் பலனில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல் உப்பாகப் படிந்து, கண்டிஷனரை ஒட்டவிடாமல் செய்கின்றன. கெய்சரிலும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் வெள்ளைக் காரை ஏறுகிற வீடென்றால் தலையிலும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு செம்பு மட்டும் குடிதண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றினால் போதும், நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு லிட்டரில் ஒரு மேசைக்கரண்டி வினிகரோ ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோ கலந்து வாரம் ஒரு முறை அலசலாம். எலுமிச்சையை நேராகத் தேய்க்கக் கூடாது, வெயிலில் முடி வெளுக்கும், தோல் எரியும். லேபிளில் ஈடிடிஏ என்று போட்ட, படிவை நீக்கும் ஷாம்புவை மாதம் ஒரு முறை போடலாம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துவைத்துக் குளிக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம் பாராட்டத்தக்கது, ஆனால் வடிகட்டப்பட்ட உப்பு முழுதும் அதில்தான் இருக்கிறது. தலைக்கு ஊற்றாமல் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

இனி வயது. பிறந்த குழந்தையின் முடியை வைத்து எதையும் சொல்ல முடியாது. முதல் முடி உதிர்ந்து வருவது வேறு மாதிரி இருக்கும், சில குழந்தைகளுக்குச் சுருள் இரண்டு மூன்று வயதில்தான் தெரியும். மொட்டை போட்டால் சுருட்டை போகும், அடர்த்தி கூடும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது, வேர்ப்பை தோலுக்குக் கீழே இருக்கிறது. வேண்டுதலுக்காகப் போடுவதானால் தாராளமாகப் போடலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலையில்தான் உண்மையான சேதம் நடக்கிறது. காலை ஏழு மணிக்குத் தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு இரட்டைப்பின்னல் போட்டு, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டி அனுப்பினால் அந்த முடி மாலைவரை காயாது. வாடையும் அரிப்பும் பொடுகும் அதிலிருந்துதான். குளியலை ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன் மாலைக்கும் மாற்றுங்கள். சுருள் வெளியே தெரியக் கூடாது என்று நெற்றிப்பொட்டில் இறுக்கி இழுத்துப் பின்னுகிறார்கள். பின்னிய இடத்தில் சிறு கொப்புளம், காதோரம் முடி மெலிதல், பிள்ளை புருவம் உயர்த்தவே சிரமப்படுவது இவையெல்லாம் இழுப்பினால் வருகிற வழுக்கையின் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் தளர்த்தினால் முடி திரும்ப வரும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர்ப்பை தழும்பாகிவிடும். இரட்டைப்பின்னல் விதி இருக்கட்டும், பின்னலின் முதல் இரண்டு சுற்றைத் தளர்த்தியாகப் போட அனுமதிக்குமாறு பள்ளி நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நெற்றியில் நாலு சுருள் எட்டிப் பார்ப்பது ஒழுங்கீனம் ஆகாது.

காலையில் அவசரமாகச் சிக்கெடுக்க, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கண்டிஷனர் கலந்து தெளிப்பான் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். தலையை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் தெளித்து விரலால் பிரித்து, பிறகு சீப்பு. பேன் இருந்தால் காய்ந்த சுருட்டையில் ஈர்கொல்லிச் சீப்பை விடவே கூடாது, முடி அறுவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. கண்டிஷனர் நிறையப் பூசி, அகலச் சீப்பால் சிக்கெடுத்த பின், நெருக்கமான பல் உள்ள உலோகப் பேன்சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத்துணியில் துடைத்துப் பாருங்கள். முதல் நாள், 5-ஆம் நாள், 9-ஆம் நாள், 13-ஆம் நாள் என்று நான்கு முறை செய்ய வேண்டும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரு முறையோடு நிறுத்துகிறவர்கள் வீட்டில்தான் பேன் போவதே இல்லை.

பதின்ம வயதில் ஹார்மோன்களால் முடி இன்னும் சுருளலாம், அலையாக இருந்தது திருகலாம். வீட்டில் தண்ணீரையும் ஷாம்புவையும் குறை சொல்வார்கள். வேர்ப்பையே மாறியிருக்கிறது, பழக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பையன்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: சுருள் ஒரு சுற்றாவது சுற்ற மேலே ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம் வேண்டும், அதற்குக் குறைவாக வெட்டினால் முள்ளாகத்தான் நிற்கும். வெட்டுகிறவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள், ஆணானாலும் பெண்ணானாலும். காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் தோளைத் தொடும் சுருள், காய்ந்ததும் இரண்டு மூன்று அங்குலம் மேலே ஏறிவிடும். அடர்த்தியைக் குறைக்கும் பல் கத்தரியை எடுக்க விடாதீர்கள். அது விட்டுச்செல்லும் குட்டை முடிகள் நீளமுடிகளை முட்டித் தள்ளி, தலை முன்பைவிடப் பரக்கும்.

நேராக்குவதைப் பற்றித் தங்கள் இணைப்பு ஒரு வரியில் முடித்துவிட்டது. அது ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை. ரீபாண்டிங் என்பது கந்தகப் பிணைப்புகளைக் கடும் காரத்தன்மையுள்ள மருந்தால் உடைத்து, இஸ்திரிபோட்டு நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் மறுபடி இணைப்பது. இணைந்தது திரும்பச் சுருளாது, ஆனால் வேரிலிருந்து வருவது சுருட்டையாகவே வரும். மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி என்று வைத்தால் ஆறு மாதத்தில் இரண்டரை அங்குலம் சுருட்டை, அதற்குக் கீழே நேர்முடி. இரண்டும் சந்திக்கிற இடம்தான் ஒடியும். அதை மறைக்க மறுபடி மருந்து, ஏற்கெனவே நேரானதன் மேலும் மருந்து பட்டால் பஞ்சாகும். விட்டுவிட நினைப்பவர்களுக்கு இரண்டே வழி. ஒரேயடியாக வெட்டிவிடலாம். இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நேர்முடியில் ஓர் அங்குலம் குறைத்துக்கொண்டே வரலாம். ஓரடி முடி முழுதும் மாற இரண்டரை ஆண்டு ஆகும்.

கெரட்டின், ஸ்மூத்தனிங் என்ற பெயர்களில் செய்வது வேறு. அவற்றில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூடுபட்டதும் அதை வெளிவிடும் பொருள் இருக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இஸ்திரி போடும்போது கண் எரிந்தால், தொண்டை கரித்தால் அந்த ஆவிதான். தினமும் அதைச் சுவாசிக்கிறவர் செய்துவிடுகிற பெண் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மால்டிஹைடு இல்லாதது என்று விற்கும் சில மருந்துகளில் கிளையாக்சிலிக் அமிலம் உண்டு. 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு குறிப்பு, 26 வயதுப் பெண் ஒருவருக்கு ஒவ்வொரு முறை அந்த மருந்தால் முடியை நேராக்கிய பிறகும் சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்திருக்கிறது, மூன்று முறை. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பக்கத்திலேயே போக வேண்டாம். வீட்டில் இஸ்திரி போடுகிறவர்கள் முடி முழுக்கக் காயாமல் போடாதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி முடிக்குள் குமிழியிட்டு, அந்த இடத்தில் ஒடியும். ‘சுர்’ என்று சத்தம் கேட்டால் அதுதான்.

பிரசவம் ஆன இரண்டு முதல் நான்கு மாதத்தில் கைகையாக முடி கொட்டும். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்தது மொத்தமாக உதிர்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஓராண்டுக்குள் சரியாகிவிடும். சுருள் தளர்ந்தோ இறுகியோ திரும்பலாம். ஓராண்டைத் தாண்டியும் கொட்டினால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நரைத்த சுருட்டை கம்பிபோலத் தோன்றும். வயதாக ஆக மண்டையில் எண்ணெய் சுரப்பது குறைவதால் இன்னும் வறளும். கண்டிஷனரைக் கூட்டி, ஷாம்புவை பத்து நாளுக்கு ஒரு முறையாகக் குறைக்கலாம். மருதாணி போடுகிறவர்கள் வேர்ப்பகுதியில் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நுனிவரை பூசினால் நிறம் அடுக்கடுக்காக ஏறி, சுருள் கனத்துத் தளர்ந்து, முடி மொரமொரப்பாகிவிடும். உடனே கறுக்கும் ‘கறுப்பு மருதாணி’ மருதாணியே அல்ல, அதில் பிபிடி என்ற சாயம் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்காமல் எந்தச் சாயத்தையும் தலையில் வைக்காதீர்கள். பத்து வருடம் ஒத்துக்கொண்டது பதினோராவது வருடம் முகத்தை வீங்க வைக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு உச்சி வகிடு அகன்றால் அது சுருளின் குறையல்ல, தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தூங்கும்போது முடியை உச்சியில் தளர்வாக ஒரு கொண்டை போட்டு, தலையணைக்கு மேல் வழுக்கும் துணி விரித்தால் காலையில் பாதி வேலை மிச்சம். பழைய பட்டுப்புடவை போதும். உடல்பகுதியை வெட்டுங்கள், முந்தானையை அல்ல, ஜரிகை முடியை அறுக்கும்.

கடைசியாக, படுத்த படுக்கையாக இருக்கும் வயதானவர்களின் சுருட்டை முடி. பின்மண்டையில் அது கம்பளியாகப் பின்னிக்கொண்டதும், வேறு வழியில்லை என்று மொட்டையடித்துவிடுகிறார்கள். தேவையில்லை. பின்னிய இடத்தில் தேங்காய் எண்ணெயும் கண்டிஷனரும் சமமாகக் கலந்து பூசி, ஈரத்துணியால் முக்கால் மணி நேரம் மூடிவையுங்கள். பிறகு விளிம்பிலிருந்து விரலால் ஒவ்வோர் இழையாக உருவ வேண்டும், நடுவிலிருந்து அல்ல. விரலுக்கு வழிவிடாத முடிச்சு இருந்தால் கத்தரியைக் குறுக்கே வைக்காமல், முடி போகும் திசையிலேயே நெடுக்காக இரண்டு மூன்று கீறல் விடுங்கள். முடிச்சு பிளந்துகொள்ளும், நீளம் பெரும்பாலும் தப்பிக்கும். பிரித்ததும் பின்னால் ஒற்றைச் சடை போடாதீர்கள், அதன் மேலேயே படுக்க வேண்டியிருக்கும். இரண்டு காதுக்கும் முன்னால் தளர்வாக இரண்டு பின்னல் போட்டு, மார்மேல் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அழகுக்கலைப் பயிற்றுநர் ஒருவர்,
தூத்துக்குடி